வலியைச் சொல்லும் உரிமை

கண்டி நகரில் ஒரு பாடசாலை மண்டபத்தில், வாரத்தில் மூன்று மாலைகள் நான் பிள்ளைகளுக்குக் கராத்தே கற்பிக்கிறேன். பகலில் கணிதம் கற்பிக்கும் ஆசிரியன். மாலையில் வெள்ளுடை அணிந்து, வெறுங்காலுடன் சீமெந்துத் தரையில் நிற்பவன். இவ்விரண்டு தொழில்களும் ஒன்றுக்கொன்று எவ்வளவு நெருங்கியவை என்பதை எனக்கு உணர்த்தியவள் பன்னிரண்டு வயதுச் சிறுமி ஒருத்தி. அவளுடைய முழங்காலைப் பற்றித்தான் எழுதப்போகிறேன். ஒரு முழங்காலைப் பற்றி இலக்கியப் பத்திரிகையில் எழுத என்ன இருக்கிறது என்று கேட்பவர்கள் சற்றுப் பொறுத்திருக்க வேண்டும்.

ஹந்தானை மலைச்சரிவில் ஒரு தோட்டத்து லயத்திலிருந்து அவள் வருவாள். தாய் கொழுந்தெடுப்பவர். இருள் கவியும் வேளையில் தேயிலைக்கு நடுவே தனியாக நடந்து வீடு திரும்பும் பெண்பிள்ளைக்குத் தற்காப்புக் கலை ஏன் வேண்டும் என்பதை யாரும் விளக்கத் தேவையில்லை. மழையானாலும் பனியானாலும் ஒரு வகுப்பைக்கூட அவள் தவறவிட்டதில்லை.

பட்டித் தேர்வுக்கு ஒரு மாதம் இருந்தது. நாற்பது பிள்ளைகளையும் வரிசைகளில் நிறுத்தி, குந்தியிருந்து துள்ளியெழும் தவளைப் பாய்ச்சலைச் செய்வித்துக் கொண்டிருந்தேன். நான் எண்ண, அவர்கள் பாய்ந்தார்கள். முப்பதாவது எண்ணிக்கையில் தரையிறங்கிய அவளுடைய முகம் சுருங்கியதைக் கண்டேன்.

"என்ன, வலிக்கிறதா?"

"ஒண்ணுமில்ல சேர், செய்யலாம்."

எனக்கு மகிழ்ச்சி. மற்றப் பிள்ளைகள் பக்கம் திரும்பி, "பார்த்தீர்களா, இதுதான் மனவுறுதி" என்றேன். அந்த ஒரு வாக்கியத்தை நினைத்து இன்றும் வெட்கப்படுகிறேன்.

இரண்டு வாரங்களில் அவள் நொண்டிக்கொண்டு வந்தாள். முழங்காற் சில்லுக்குக் கீழே எலும்பு புடைத்திருந்தது. விரல் பட்டாலே துடித்தாள். வைத்தியர் பார்த்துவிட்டு விளக்கினார். வளரும் பிள்ளைகளின் எலும்பு முனைகளில் இன்னும் இறுகாத, மென்மையான வளர்ச்சிப் பகுதிகள் உண்டு. தொடையின் பெருந்தசை, சில்லைக் கடந்து, கீழ்க்காலெலும்பின் மேல்முனையில் அத்தகைய ஓர் இடத்தைத்தான் பற்றியிருக்கிறது. துள்ளும்போதும் குந்தும்போதும் அத்தசை அவ்விடத்தை இழுக்கிறது. எலும்பு விரைந்து வளரும் வயதில் அந்த இழுப்பு நாள்தோறும் அளவுக்கு மீறினால் அங்கே புண்பட்டு வீங்குகிறது. துள்ளலையும் குந்தலையும் குறைத்து, தொடைத்தசையை மெதுவாக நீட்டி இளக்கினால் பெரும்பாலும் தானாகவே ஆறிவிடும். கவனியாமல் தொடர்ந்தால் மாதக்கணக்கில் படுத்தும். இவ்வளவுதான் நோய். "எவ்வளவு காலமாக வலிக்கிறது?" என்று வைத்தியர் கேட்டார். "மூணு மாசமா" என்றாள் அவள். அந்த மூன்று மாதமும் என் கண்முன்னால்தான் நின்றிருந்தாள்.

மறுநாள் அவளுடைய லயத்துக்குப் போனேன். குற்றத்தை ஒப்புக்கொள்ளப் போனவனுக்குத் தேநீர் தந்து உபசரித்தார் தாய். "மூன்று மாதமாக ஏன் சொல்லவில்லை?" என்று பிள்ளையிடம் கேட்டேன். அவள் தலைகுனிந்தாள். தாய்தான் பதில் சொன்னார்.

"அவ மேல தப்பில்ல சேர். பரீட்சைக்குக் காசு கட்டியாச்சு, நின்னா திரும்பக் கட்டணுமேன்னு பயந்திருக்கா. அதோட, வலின்னு சொல்லி உக்காந்தா அரைப்பேருதான்னு சின்னதுலயிருந்தே நாங்கதானே சொல்லிக் குடுத்தோம்."

அரைப்பேர் என்பதன் பொருள் மலையகத்துக்கு வெளியே வாழும் வாசகர்களுக்குத் தெரியாதிருக்கலாம். குறித்த நிறை கொழுந்து எடுக்காத தொழிலாளிக்கு அன்றைக்குப் பாதிச் சம்பளமே பதியப்படும். 1000 ரூபா நாட்சம்பளத்துக்காக ஆண்டுக்கணக்கில் போராடி, 2021இல்தான் அது நிர்ணயமாயிற்று. முழங்கால் வீங்கினால், இடுப்புப் பிடித்தால், அட்டை கடித்துப் புண்ணானால், அன்றைய சம்பளமும் பாதியாகும். இந்தக் கணக்கின்கீழ் வாழும் குடும்பத்தில் வலி என்பது உடம்பின் செய்தியன்று. மறைக்கப்பட வேண்டிய கடன். என் வகுப்பில் நான் மெச்சிய மனவுறுதி, உண்மையில் பிரட்டுக்களத்திற் கற்ற பாடம். கங்காணி தொடங்கிய வேலையை நான் முடித்துக் கொண்டிருந்தேன்.

இந்த மக்களின் வரலாறே மறைத்த வலியின் வரலாறுதான். கோப்பிக் காலத்தில் மன்னார்க் கரையில் இறங்கி, காட்டுவழியே மாத்தளைக்கும் கண்டிக்கும் நடந்தவர்களில் வாந்திபேதிக்கும் பசிக்கும் பலியானோர் பலர். 1867இல் ஹேவாஹெட்டப் பக்கத்து லூல்கந்துரையில் ஜேம்ஸ் டெயிலர் தேயிலையைத் தோட்டப்பயிராக நட்டது தொடங்கி, இம்மலைகளின் செல்வம் அவர்களுடைய முதுகிலும் முழங்காலிலுமே ஏறி இறங்கியது. 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம் அவர்களிற் பெரும்பாலோரை நாடற்றவராக்கியது. அந்த அநீதி சட்டத்தளவில் பெரும்பாலும் துடைக்கப்பட 2003ஆம் ஆண்டுச் சட்டம் வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அத்தனை காலமும் உழைப்புக்கு உடம்பு வேண்டியிருந்தது. குறைசொல்லும் வாய் வேண்டியிருக்கவில்லை. கேட்பாரற்ற வலியைச் சொல்லாமல் விடுவது அவர்களுக்குப் பரம்பரைப் பழக்கமாகிவிட்டதில் வியப்பில்லை.

இனி என் கலையின் பக்கம் வருகிறேன். வரிசையில் நிற்பது, ஆசான் எண்ணுவது, எல்லோரும் ஒரே வேளையில் குத்துவது, வலித்தாலும் "ஓஸ்" என்று ஒரே குரலில் ஏற்பது ஆகியவையே கராத்தேயின் தொன்மையான மரபு என்று நானும் நம்பியிருந்தேன். வரலாறு வேறு செய்தி சொல்கிறது.

கராத்தே ஒக்கினாவாத் தீவில் வளர்ந்த கலை. ஆயுதம் பறிக்கப்பட்ட குடியானவர்கள் வாளேந்திய ஆதிக்கக்காரரை எதிர்க்கக் கண்டுபிடித்தது இது என்றொரு கதை உலவுகிறது. நம்மைப் போன்றோருக்கு அக்கதை இனிக்கும். இனிப்பதனால் அது உண்மையாகிவிடாது. அக்கலையை வளர்த்தவர்கள் பெரும்பாலும் அரச சேவையோடு தொடர்புடைய குலத்தினரே. அவர்கள் கற்பித்த முறையைத்தான் நாம் கவனிக்க வேண்டும். ஓர் ஆசான், இரண்டு மூன்று மாணாக்கர், இரவு வேளை, வீட்டு முற்றம். பின்னாளிற் புகழ்பெற்ற கிச்சின் புனாகோஷி இளமையில் தம் ஆசானின் வீட்டுக்கு இரவில் நடந்து சென்று, ஒரே பயிற்சித் தொடரை மாதக்கணக்கில் அவர் கண்முன்னே செய்தவர். அங்கே ஆசானின் பார்வையிலிருந்து ஒரு முழங்காலும் தப்பியிருக்க முடியாது.

1879இல் ஜப்பான் ஒக்கினாவாவைத் தன் மாகாணமாக்கிக் கொண்டது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அங்கோ இத்தோசு இக்கலையைப் பாடசாலைகளுக்குக் கொண்டுவந்தார். கலையைச் சிறுவர்க்கேற்ப எளிதாக்கியது அவர் செய்த பெருநன்மை. ஆனால் 1908இல் கல்வி அதிகாரிகளின் பார்வைக்கு அவர் எழுதிய கடிதத்தில், இப்பயிற்சி எதிர்காலப் படைவீரர்களை உருவாக்க உதவும் என்ற வாதமும் இருந்தது. பாடசாலையின் அணிவகுப்பு முறையும் எண்ணிக்கைக் கட்டளையும் கலைக்குள் புகுந்தன. 1922இல் புனாகோஷி தோக்கியோவில் அதனைச் செய்து காட்டினார். பல்கலைக்கழகக் கழகங்களில் அது பரவியது. போர்க்கால ஜப்பானின் கடுமை அதன்மீது மேலும் ஒரு பூச்சுப் பூசியது. 1945க்குப் பின் உலகெங்கும் சென்றது அந்தப் பூச்சோடு கூடிய கலைதான். நாம் தொன்மை என்று வணங்கும் கட்டளை முறைக்கு நூற்றாண்டுக்குச் சற்று மேற்பட்ட வயதே உண்டு. மனிதர் சேர்த்ததை மனிதர் நீக்கலாம்.

இதைக் கேட்கும் என் சக பயிற்சியாளர் சிலர், "இப்படிப் பொத்திப் பொத்தி வளர்த்தால் வீரம் எங்கிருந்து வரும்?" என்று கேட்கிறார்கள். நியாயமான கேள்வி. கடின உழைப்பின்றி இக்கலை கைவராது. வியர்வைக்கு மாற்று மருந்து கிடையாது. ஆனால் உழைப்பின் நோவு வேறு, காயத்தின் வலி வேறு. உழைத்த தசை மறுநாள் இரு பக்கமும் ஒருசேரக் கனக்கும். அசைய அசைய இளகும். இரண்டு மூன்று நாளில் மறையும். காயமோ ஒரு மூட்டில், ஒரு புள்ளியில் குத்தும், அசைய அசைய வளரும், வீங்கும், இரவில் எழுப்பும். முன்னதைத் தாங்கப் பழக்குவது பயிற்சி. பின்னதைத் தாங்கப் பழக்குவது கொடுமை. இந்த வேறுபாட்டை அறியாத பிள்ளைக்கு அதைக் கற்பிக்காத ஆசிரியர், பெருக்கலைக் கற்பிக்காமல் வகுத்தலுக்குப் பிரம்பெடுப்பவரைப் போன்றவர்.

வீரத்தைப் பற்றிக் கேட்பவர்களுக்கு இன்னொரு நிகழ்ச்சியையும் நினைவூட்டுகிறேன். தோக்கியோ ஒலிம்பிக்கில் கராத்தே முதன்முறையாக இடம்பெற்றது. 2021 ஓகஸ்ட் 7ஆம் நாள், அதிக எடைப் பிரிவின் இறுதிப் போட்டியில் சவூதி அரேபியாவின் தாரெக் ஹமெதி முன்னணியில் இருந்தார். அவர் வீசிய உதை, ஈரானைச் சேர்ந்த சஜ்ஜாத் கஞ்ச்சாதேயின் தலையைத் தாக்க, அவர் நினைவிழந்து வீழ்ந்தார். நடுவர்கள் உதைத்தவரைத் தகுதிநீக்கினர். தரையில் நினைவின்றிக் கிடந்தவருக்கே தங்கம் கிடைத்தது. சிலர் சிரித்தனர். எனக்கோ அது இக்கலையின் உள்ளத்தையே காட்டிய தீர்ப்பாகத் தோன்றியது. அடிக்கும் வலு பலருக்கு உண்டு. அடியைத் தோலுக்கு முன்னால் நிறுத்தும் வலுவே கராத்தே. பிறர் உடம்பின்பால் காட்ட வேண்டிய அந்தக் கட்டுப்பாட்டைப் பயிலுநரின் உடம்பின்பாலும் ஆசான் காட்ட வேண்டாமா?

அச்சிறுமியின் முழங்கால் என்னைப் படிக்கத் தூண்டியது. படித்தும் கேட்டும் திருத்திக்கொண்டவற்றைச் சொல்கிறேன். இவற்றில் எதற்கும் பணம் தேவையில்லை. அல்லது மிகச் சிறிதே தேவை.

முதற் பத்துப் பதினைந்து நிமிடம் உடம்பைச் சூடாக்க மெல்லோட்டமும் மூட்டுச் சுழற்சியும். குளிர்ந்த தசையை நெடுநேரம் இழுத்து நீட்டுவதை வகுப்பின் முடிவுக்கு ஒதுக்கினேன். கால் விரியவில்லை என்று ஒருவர் முதுகிலே இன்னொருவர் ஏறி அழுத்தும் வழக்கத்தை அடியோடு நிறுத்தினேன். சீமெந்துத் தரையில் துள்ளலைக் குறைத்தேன்; தவிர்க்க முடியாதபோது தும்புப் பாய்களை விரிக்கிறோம். மழைநாளில் மண்டப வாயிலில் ஈரம் துடைத்த பின்னரே வகுப்புத் தொடங்கும். காற்றில் உதைக்கும்போது முழங்காலை முற்றாக நீட்டி 'டக்'கென்று பூட்டக்கூடாது. நிற்கும் நிலையில் முழங்கால் பாதவிரல்கள் நோக்கும் திசையையே நோக்க வேண்டும். திரும்பும்போது ஊன்றிய பாதமும் உடன் திரும்ப வேண்டும். பாதம் தரையில் ஒட்டிநிற்க உடல் மட்டும் திரும்பினால் அந்த முறுக்கத்தை முழங்கால் வாங்குகிறது.

சிறுவர்க்குத் தலையில் அடி என்பது என் வகுப்பில் இல்லை. தவறிப் பட்டுத் தலைசுற்றல், குமட்டல், குழப்பம், மறதி, கண் மங்கல் இவற்றுள் எது தோன்றினாலும் அன்றைய பயிற்சி அத்துடன் முடிந்தது; "சரியாகிவிட்டது சேர்" என்ற சொல்லை ஏற்பதில்லை; வைத்தியர் பார்த்து, படிப்படியாகத்தான் திரும்பலாம். முதல் அதிர்ச்சி ஆறுமுன் மூளை இரண்டாவது அடியை வாங்கினால் உயிருக்கே ஆபத்து நேரலாம். நெஞ்சில் விழும் அடியும் அற்பமன்று. குறித்த கணத்தில் பட்டால், நலமான இளைஞரின் இதயத்தையும் அது அரிதாக நிறுத்திவிடும். கட்டுப்பாடற்ற குத்தை நாங்கள் சிரித்து விட்டுவிடாததற்குக் காரணம் இதுதான். தண்ணீர் குடிக்க அனுமதி கேட்கத் தேவையில்லை. முழங்கை முட்டி தேய ஊன்றியெழுதல், தோப்புக்கரணம், தவளைப் பாய்ச்சல் இவற்றைத் தண்டனையாகக் கொடுப்பதும் நின்றது. உடற்பயிற்சியைத் தண்டனையாக்கும் ஆசிரியர், உடம்பை வெறுக்கவே கற்பிக்கிறார்.

இவற்றையெல்லாம் எந்த நல்ல கைநூலிலும் காணலாம். கைநூல் சொல்லாத ஒன்று உண்டு. வகுப்பு தொடங்குமுன் பிள்ளையின் உடம்பு அன்று ஏற்கனவே என்ன வேலை செய்தது என்பதைக் கணக்கிட வேண்டும். நகரத்துப் பிள்ளை வாகனத்தில் வந்து இறங்குகிறான். தோட்டத்துப் பிள்ளை பீலியில் தண்ணீர் பிடித்துச் சுமந்து, மலையிறங்கிப் பாடசாலைக்கு வந்து, மதியம் உண்டும் உண்ணாமலும் என் முன்னே நிற்கிறாள். இனி மலையேறவும் வேண்டும். 2016ஆம் ஆண்டின் குடித்தொகை, சுகாதார ஆய்வின்படி, ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளில் வயதுக்கேற்ற உயரமில்லாதோர் நாடளவில் நூற்றுக்கு ஏறக்குறைய 17. தோட்டப்புறத்திலோ ஏறக்குறைய 32. இருவருக்கும் ஒரே எண்ணிக்கையில் பாய்ச்சல் கொடுப்பது சமத்துவம்போல் தோன்றும். உண்மையில் அது சமத்துவத்தின் முகமூடி. ஒருவனுக்கு முழங்கால் கெட்டால் விளையாட்டுப் போகும். மற்றவளுக்கு முழங்கால் கெட்டால் நாளைய சோறு போகும்.

அந்த ஆண்டு பட்டித் தேர்வைப் பிள்ளைகளுக்குக் காயம் ஆறும்வரை தள்ளிவைக்கவும், கட்டிய பணம் அப்படியே செல்லவும் ஏற்பாடு செய்தேன். விடுமுறையொன்றில் எல்லோரையும் எம்பெக்கே தேவாலயத்துக்கு அழைத்துச் சென்றேன். கம்பளை அரசர் காலத்து அம்மண்டபத்தின் மரத்தூண்களில் அன்னமும் இரட்டைத்தலைக் கழுகும் நடனமாதரும் செதுக்கப்பட்டிருக்கின்றன. அவற்றிடையே ஒருவரையொருவர் பிணைத்துப் பிடித்த இரு மல்லரும் உள்ளனர். பிள்ளைகள் "யார் ஜெயிப்பார்?" என்று தர்க்கித்தார்கள். நம் சிறுமி மட்டும், "ரெண்டு பேரும் மத்தவங்க கையில இருக்காங்க" என்றாள். அந்தச் சிற்பத்தைப் பலமுறை பார்த்த எனக்கு அது தோன்றியதில்லை. அங்கம்பொற என்னும் சிங்களப் போர்க்கலையும் நம் தோட்டங்களில் பொங்கலுக்கும் திருவிழாவுக்கும் ஆடும் சிலம்பமும் கராத்தேயும் ஒரே உண்மையின்மேல் நிற்கின்றன: பயிலும்போது ஒருவர் உடம்பு இன்னொருவர் கையில் ஒப்படைக்கப்படுகிறது. ஒப்படைக்கப்பட்டதைச் சிதையாமல் திருப்பித் தருவதே முதற் பாடம்.

அதன்பின் வகுப்பில் ஒரு விதி வந்தது. "யமே" என்றால் ஜப்பானிய மொழியில் "நிறுத்து". வழக்கமாக ஆசானே அதைச் சொல்வார். இனி எவரும் சொல்லலாம். தமக்காகவும் சொல்லலாம், பக்கத்தில் நிற்பவருக்காகவும் சொல்லலாம். சொன்னவுடன் எல்லோரும் நிற்க வேண்டும். சொன்னவரை ஏன் என்று கடிந்து கேட்கக்கூடாது. விதியை அறிவித்தபோது எல்லோரும் "ஓஸ்" என்றார்கள். மூன்று வாரம் ஒருவரும் அச்சொல்லைச் சொல்லவில்லை. சட்டம் எழுதியவுடன் உரிமை வந்துவிடுவதில்லை என்பதை நம் நாட்டார்க்கு நான் சொல்லவும் வேண்டுமோ?

நான்காவது வாரம் ஒரு மாலை. சிறுமி இன்னும் முழுப் பயிற்சிக்குத் திரும்பவில்லை. சுவரோரம் நின்று கைவீச்சு மட்டும் செய்துகொண்டிருந்தாள். நான் உற்சாகத்தில் இருந்தேன். எண்ணிக்கை எழுபதைத் தாண்டியிருந்தது. "யமே!" என்று ஒரு மெல்லிய குரல் கேட்டது. மண்டபம் நின்றது. என் நெஞ்சில் முதலில் எழுந்தது நன்றியன்று, சினம்தான், உண்மையை மறைப்பானேன்? அவள் கடைசி வரிசையைக் காட்டினாள். அங்கே எட்டு வயதுப் பையன் ஒருவன், வெளுத்த உதடுகளோடு, விழாமல் நிற்க முயன்றுகொண்டிருந்தான். அவனை உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்தோம். காலையிலிருந்து அவன் எதுவும் உண்டிருக்கவில்லை. அதை எவரிடமும் அவன் சொல்லியிருக்கவில்லை. அவளுக்கு மட்டும் அது தெரிந்தது. அந்த மௌனத்தின் மொழியை அவள் அறிவாள்.

தற்காப்பு என்பது இருட்டுப் பாதையில் வரும் முரடனிடமிருந்து மட்டும் காத்துக்கொள்வது என்று நாம் கருதுகிறோம். தன் உடம்பைத் தேய்க்கும் எந்த அதிகாரத்தின் முன்னும், அது தோட்டத்து அதிகாரமாயினும் வகுப்பறை ஆசிரியனாயினும், "நிறுத்து" என்று சொல்லத் துணிவதே அதன் தொடக்கம். தனக்காகச் சொல்லத் துணியாத பிள்ளை அன்று பிறனுக்காகச் சொன்னாள். தொழிற்சங்கங்கள் பிறந்ததும் இப்படித்தான் அல்லவா?

ஆசிரிய நண்பர்களே, நீங்கள் கராத்தே கற்பிக்காதிருக்கலாம். ஆனால் உங்கள் வகுப்பிலும் "ஒண்ணுமில்ல சேர்" என்று சொல்லும் ஒரு பிள்ளை இருக்கிறது. அதன் பொறுமையை மெச்சுவதற்கு முன்னால், அந்தப் பொறுமையை அதற்கு யார் கற்பித்தார்கள் என்று கேளுங்கள்.

அவளுடைய முழங்கால் ஆறிவிட்டது. இப்பொழுது வகுப்புத் தொடங்குமுன், "இன்னிக்கு யாருக்கு எங்க வலிக்குது?" என்று வரிசையாகக் கேட்டுக் கொப்பியில் எழுதுபவள் அவள்தான். என் பெயரையும் அந்தக் கொப்பியில் எழுதியிருக்கிறாள்: "சேர், இடது தோள்."